படுக்கை எண் 14 குறித்து: குமரி மாவட்டச் செவிலியர் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்டத்தில் இயங்கும் செவிலியர் கல்லூரிகளின் முதல்வர்கள், முதுநிலை மாணவர்களின் ஆய்வு வழிகாட்டிகள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு இந்த மாவட்டத்திலேயே மூன்று மருத்துவமனைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் ஆண்கள் மருத்துவ வார்டின் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கும் பிள்ளைகள் ஆய்வேட்டுக்காக அனுமதிக் கடிதத்தையும் வினாத்தாள் கட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வரும்போது, அவர்கள் முதலில் வந்து நிற்பது என்னைப் போன்றவர்களின் மேசைக்கு முன்னால்தான். வந்த ஒருவரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. நானும் வினாத்தாள் எழுதியிருக்கிறேன், என் கீழ் வேலை பார்த்தவர்களையும் எழுதச் சொல்லியிருக்கிறேன், நோயாளிகளிடம் கெஞ்சிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளைப் பற்றியும், கேட்காமல் போன கேள்விகளைப் பற்றியும் பணியில் இருந்தவரை வெளிப்படையாகப் பேச முடியவில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், படுக்கைப் புண் தடுப்பு குறித்துச் செவிலியர்களுக்கு உள்ள அறிவை அளப்பதற்காக ஒரு மாணவி வந்திருந்தார். முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். இரவு டியூட்டிக்கு வந்த நான் கைமாற்றுக்கு முன்பாக அதை எழுதிக் கொடுத்தேன். 27 சரி என்று அவரே திருத்திச் சொன்னார். படுக்கைப் புண் வரும் அபாயத்தை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலின் உச்ச மதிப்பெண் 23 என்பதற்குப் பதிலாக, அதே வேலைக்கான நார்ட்டன் அளவுகோலின் 20ஐ எழுதிவிட்டதாக ஞாபகம். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு அந்த வார்டில் நோயாளிகள் 42 பேர், செவிலியர்கள் இரண்டு பேர். இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். படுக்கை எண் 14இல் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன, கனத்த உடம்புள்ள ஒரு பெரியவர் இருந்தார். மனைவி இல்லை; பகலில் துணைக்கு இருந்த அண்டை வீட்டுக்காரர் கடைசிப் பேருந்துக்குப் போய்விடுவார். ஒரே மகள் சவூதியில் ஸ்டாஃப் நர்ஸ். இரவு பதினொரு மணிக்கு அவர் வார்டுத் தொலைபேசியில் அழைத்து, "சிஸ்டர், அப்பாவத் திருப்பிப் போட்டியளா?" என்று கேட்டார். "போட்டாச்சு மக்களே" என்றேன். பத்து மணிக்குப் போட்டது உண்மை. பன்னிரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டு மணிக்கு இன்னொருவருக்கு மூச்சுத்திணறல். பெரியவரை ஓர் ஆளாகத் திருப்ப முடியாது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் கட்டிலுக்கு வர அந்த இரவு இடம் கொடுக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு உடம்பு துடைக்கும்போது வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், சிவப்பு வெளுக்கவில்லை. புண் தொடங்கிவிட்டது என்பதே அதற்குப் பொருள்; அது முப்பது கேள்விகளில் ஒன்பதாவதோ பத்தாவதோ ஆக இருந்தது, அதற்கு நான் சரியாகத்தான் விடை எழுதியிருந்தேன். நான்காம் நாள் தோல் கிழிந்தது.

இதோடு முடிந்திருந்தால் ஆள் பற்றாக்குறை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆறு மணிக்கு நான் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். நோயாளியைத் திருப்பியதற்கான சார்ட்டில் 10, 12, 2, 4 என்று நான்கு சதுரங்கள் இருந்தன. நான்கிலும் கையெழுத்துப் போட்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாருடைய சார்ட்டும் காலை ஆறு மணிக்குத்தான் நிறையும். பின்னாளில் வேறொரு மாணவி பழைய சார்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வார்டில் திருப்பிப் போடும் பணி முழுமையாக நடக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்தபோது, அவர் எழுதியதில் என் நான்கு கையெழுத்துகளும் இருந்திருக்கும்.

நான் முன்வைப்பது இவ்வளவுதான்: நம் மாவட்டத்துச் செவிலியர் ஆய்வு, செவிலியரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதை மறுபடி மறுபடி அளக்கிறது, கட்டிலருகே இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதை அளப்பதில்லை.

என் மேசைக்கு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். ஏதாவது ஒரு நோய் அல்லது ஒரு பராமரிப்பு முறை, அதைப் பற்றி ஒரு 'திட்டமிட்ட கற்பித்தல்', அதற்கு முன் ஒரு தேர்வு, ஏழு நாள் கழித்து அதே வினாத்தாளில் இன்னொரு தேர்வு, வசதிப்படி கிடைத்த அறுபது பேர், கடைசியில் டி மதிப்பு என்ற புள்ளியியல் கணக்கு. முடிவில் அறிவு கணிசமாகக் கூடியிருக்கும். ஒரே தாளை ஒரு வாரத்தில் இரண்டு முறை எழுதுகிறவருக்கு, அதுவும் இடையில் விடைகளைச் சொல்லிக் கொடுத்த பிறகு, மதிப்பெண் கூடாமல் போனால்தான் அது ஆய்வுக்குரிய செய்தி. பெரிய தவறு இது என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வு முறையைக் கற்றுக்கொள்ளும் ஒரு பயிற்சியாக இதற்கு இடம் உண்டு. கர்ப்பிணிகளுக்கோ சர்க்கரை நோயாளிகளுக்கோ ஒரு நல்ல வகுப்பு கிடைத்ததும் லாபம்தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் இதே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் கட்டுக் கட்டாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, அவற்றில் ஒன்றாவது எந்த வார்டில் எந்தப் பழக்கத்தை மாற்றியது என்று வழிகாட்டிகளாகிய நீங்கள் ஒருமுறை கணக்கெடுத்துப் பார்த்தால் நல்லது.

காரணம் என்னவென்று எனக்கும் கொஞ்சம் தெரியும். உங்களில் இரண்டு மூன்று பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள்தான். இரண்டு ஆண்டுப் படிப்பில் தரவு திரட்டக் கிடைப்பது சில வாரங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருத்துவமனையின் அனுமதி, புள்ளியியல் ஆலோசகர், தட்டச்சு, பைண்டிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலான காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுத்தில் சொல்வதில்லை: அனுமதிக் கடிதம் எந்தத் தலைப்புக்குக் கிடைக்குமோ அதுவே ஆய்வுத் தலைப்பாகிறது. செவிலியரின் அறிவை அளக்க வந்தால் எந்த நிர்வாகமும் கதவைத் திறக்கும், ஏனென்றால் குறை வெளிப்பட்டால் அது செவிலியரின் குறை. ஓர் இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்று எண்ண வந்தால், "மேனேஜ்மெண்டிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்ற பதிலோடு அந்தப் பிள்ளை இரண்டு வாரம் அலைந்துவிட்டு, மறுபடியும் திட்டமிட்ட கற்பித்தலுக்கே திரும்பிவிடும். அப்படித் திரும்பிய ஒருவர் எங்கள் ஓய்வறையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கட்டிலருகே எண்ணத் தொடங்குவதற்குப் பெரிய கருவியெல்லாம் தேவைப்படவில்லை என்பதற்கு நம் தொழிலின் வரலாறே சாட்சி. செவிலியர் தினமான மே 12 அன்று கையில் மெழுகுவர்த்தியோடு பிள்ளைகளை வரிசையாக நிற்க வைக்கிறோமே, அந்த நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு நடந்ததைவிட அதிகக் காலம் இறப்புக் கணக்குகளோடு உட்கார்ந்திருந்தார். கிரீமியப் போரில் செத்த படைவீரர்களில் பெரும்பாலோர் குண்டடியால் சாகவில்லை, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தார்கள் என்பதை எண்களாலும் வண்ண வரைபடத்தாலும் நிறுவினார். 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரை ஏற்றது. நான் படித்த காலத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிரேடனோடு நான் குழப்பிக்கொண்ட அந்த நார்ட்டன் அளவுகோல் எப்படி வந்தது என்று பாருங்கள். டோரீன் நார்ட்டன் என்ற இங்கிலாந்துச் செவிலியர், 1962இல் வெளியான ஆய்வுக்காகத் தம் உடன் ஆய்வாளர்களோடு மருத்துவமனையில் இருந்த முதியவர்கள் 250 பேரை நேரில் கவனித்தார். அன்றைக்குப் படுக்கைப் புண்ணைத் தடுக்க ஸ்பிரிட்டும் களிம்பும் பவுடரும் தேய்ப்பதுதான் வழக்கம். நம் வார்டுகளிலும் நான் சேர்ந்த புதிதில் ஸ்பிரிட் தேய்த்திருக்கிறோம். தேய்ப்பதில் பயனில்லை, அழுத்தத்தை விலக்கி அடிக்கடி திருப்பிப் போடுவதில்தான் பயன் இருக்கிறது என்று அந்தக் கவனிப்பு காட்டியது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, கழிவடக்கம் என்ற ஐந்தே தலைப்புகளில் அவர் போட்ட மதிப்பெண் முறை உலகம் முழுவதும் பரவியது. கேள்வி வார்டில் பிறந்தது, விடை வார்டுக்கே திரும்பியது.

ஆள் கணக்கைப் பற்றிய ஆய்வுகளில் எல்லாரும் சொல்வது லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவும் 2002இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள், 10,184 செவிலியர்கள், அறுவைச் சிகிச்சைக்கு வந்த 2,32,342 நோயாளிகள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, சேர்ந்த முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்றும், நான்கு பேர் பொறுப்பு எட்டாகும்போது அது 31 விழுக்காடு ஆகிறது என்றும் கண்டார்கள். பின்னர் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்விலும் அதே 7 விழுக்காடு வந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலில் நான்கு நோயாளிக்கு ஒருவர், இரவில் ஏழு நோயாளிக்கு ஒருவர் என்று சட்டமே கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்திய மருத்துவமனைகளையும் மற்றவற்றையும் ஒப்பிட்டு 2021இல் வந்த ஆய்வு, இறப்பு குறைந்ததையும், கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைவிட மிச்சமான செலவு அதிகம் என்பதையும் காட்டியது.

நம் நாட்டில் விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவில், பொது வார்டில் கல்வி மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனை என்றால் ஐந்து நோயாளிக்கு ஒருவர், விடுப்புக்கென்று 30 விழுக்காடு கூடுதல் ஆள். அன்று என் பங்குக்கு 21 பேர் இருந்தார்கள். ஐக்கனின் கணக்கை 21 வரை நீட்டிப் பார்க்க நான் துணியமாட்டேன். அந்த ஆய்வு நான்குக்கும் எட்டுக்கும் இடையில் நடந்தது, அவ்வளவு தூரம் அது செல்லாது. ஆனால் எட்டு நோயாளியே ஆபத்து என்று சொல்லும் அறிவியலின் முன்னால், 21 நோயாளியோடு நடக்கும் நம் வார்டுகள் எப்படித் தாக்குப் பிடிக்கின்றன என்பது, பென்சில்வேனியாவில் யாரும் கேட்க முடியாத, நாம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி.

அதற்கு விடை கட்டிலுக்கடியில் பாயில் படுத்திருக்கிறது. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் மலையாள வழக்கையொட்டி 'பைஸ்டாண்டர்' என்போம். நாகர்கோவில் பக்கம் 'கூட நிற்கிறவர்'. மனைவி, மகள், மருமகள், சில நேரம் கூலிக்கு அமர்த்திய ஓர் அக்கா. மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றுவது, சிறுநீர்ப் பையை ஒழிப்பது, ட்ரிப் தீரப்போகிறது என்று ஓடிவந்து சொல்வது, திருப்பிப் போடுவது எல்லாம் இவர்கள்தான். வெளிநாட்டில் 2006 முதல் 'விட்டுப்போன பராமரிப்பு' என்ற பெயரில் ஓர் ஆய்வுத்துறையே வளர்ந்திருக்கிறது. திருப்புவது, நடக்க வைப்பது, ஊட்டுவது, வாய் சுத்தம் செய்வது போன்றவற்றில் எதைச் செவிலியர் நேரமில்லாமல் விட்டுவிடுகிறார் என்று வினாத்தாள் மூலம் கேட்கும் அந்தத் துறை, அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பியட்ரிஸ் கேலிஷ் தொடங்கி வைத்தது. அந்த வினாத்தாளை அப்படியே தமிழாக்கி நம் வார்டில் கொடுத்தால் விடை தவறாகத்தான் வரும், ஏனென்றால் இங்கே செவிலியர் விட்டதைப் பாயில் படுத்திருக்கிறவர் செய்துவிடுகிறார். யாருக்கு அப்படி ஆள் இல்லையோ, அவருக்கு மட்டும் அது உண்மையிலேயே விட்டுப்போகிறது. 14ஆம் கட்டிலில் நடந்தது அதுதான்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு பெண், கணவருக்குத் துணையாக எங்கள் வார்டில் பதினேழு நாள் இருந்தார். கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதல் நாள் நான் திருப்பும் முறையைக் காட்டிக் கொடுத்தேன். விடியலுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய்ப் பழகியவர் என்பதால் இரவில் எழுவது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. வீடு போகும் நாளில் நாள்காட்டித் தாள்கள் கொஞ்சம் என் கையில் தந்தார். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், வார்டு கடிகாரத்தைப் பார்த்துப் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இ 10, நே 12, வ 2, இ 4'. இடது, நேர், வலது. பதினேழு நாளும். பதினோராம் நாள் இரவில் மட்டும் 'வ 1' என்பதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்தது 'இ 5'. கீழே சின்னதாக, 'உறங்கிப் போனேன், வலத்தே சிவப்பு, பத்து மணிக்குப் போச்சு' என்று எழுதியிருந்தார்.

ஒரே ஓர் ஆளின் கதையை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் முப்பத்திரண்டு ஆண்டுகளில் எந்த வார்டிலும் நான் கண்ட உண்மையான திருப்புதல் சார்ட் அது ஒன்றுதான். தவறிய இரவைத் தவறியதாகவே எழுதிய சார்ட் அது. எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு அது முடிந்தது என்றால், அவரிடம் வேலை பறிபோகும் அச்சம் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆகவே நான் கேட்பவற்றில் முதலாவது, பைஸ்டாண்டரை ஆய்வுக்குள் கொண்டுவாருங்கள் என்பது. அவர் என்னென்ன செய்கிறார், அதை யார் சொல்லிக் கொடுத்தார், எவ்வளவு நேரம் உறங்குகிறார், எந்த வேலையை அவரிடம் விடவே கூடாது, ஆள் இல்லாத நோயாளிக்கு என்ன நேர்கிறது என்றெல்லாம் கேட்க வேண்டும். இதை நான் புகழ்ச்சியாகவும் சொல்லவில்லை. மூக்குக்குழாய் இடம் மாறியது தெரியாமல் கஞ்சி ஊற்றி நுரையீரலுக்குப் போய், நாங்கள் ஓடி ஓடி உறிஞ்சி எடுத்த இரவும் உண்டு. குடும்பத்தின் அன்பு என்ற பெயரில் மருத்துவமனை சம்பளம் தராமல் வாங்கிக்கொள்ளும் வேலையின் அளவு எவ்வளவு என்று ஒருமுறையாவது மணிக்கணக்கில் அளந்து எழுதுங்கள்.

சார்ட்டை நம்பாமல் கண்ணால் பார்த்து எண்ணும் ஆய்வுக்கு அனுமதி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒரு கல்லூரி ஒரு மருத்துவமனையில் போய் நின்றால் கிடைக்காது. இதற்கு ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது: மாவட்டத்துக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒரே ஒரு பொதுக் கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாலுகா மருத்துவமனைகள், பழைய மிஷன் மருத்துவமனைகள், தனியார் நர்சிங் ஹோம்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு மாணவர் ஒரே படிவத்தில், ஒரே வாரத்தில் தரவு எடுக்கட்டும். மருத்துவமனைகளின் பெயரை நீக்கிக் குறியீட்டு எண் கொடுத்து, மாவட்டத்தின் மொத்தக் கணக்காக மட்டும் வெளியிடுங்கள். எந்த நிர்வாகமும் தனித்து மாட்டிக்கொள்ளாது என்று தெரிந்தால் பாதிக் கதவுகளாவது திறக்கும். அறுபது பேர் என்ற மாதிரி அறுநூறாக ஆகும். ஒவ்வொரு மாணவரும் தம் பகுதியைத் தம் ஆய்வேடாக எழுதிக்கொள்ளப் பல்கலைக்கழக விதிகளுக்குள் வழி காண்பது உங்கள் கையில் இருக்கிறது. மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,684 சதுர கிலோமீட்டர். காலையில் தோவாளையில் கூடிப் பேசிவிட்டு மாலையில் கொல்லங்கோட்டில் தரவு எடுக்கலாம். இதைவிட வசதியான மாவட்டம் தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்?

இந்த மண்ணுக்கு அது புதிதும் அல்ல. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் இருந்த டாக்டர் சோமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நீண்ட காலம் அறுவை மருத்துவராக இருந்தார் என்பது இங்குள்ள முதியவர்கள் பலருக்கும் தெரியும். அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் மிகுதியாக இருப்பதைக் கண்டு, தாம் செய்த அறுவைகளின் அனுபவத்தைத் தொகுத்து 1948இல் நூலாகவே வெளியிட்டார். கண்முன் வந்த நோயாளியிலிருந்து கேள்வி எடுத்தார். அந்த நோயாளிகளுக்கு அறுவைக்குப் பிறகு இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள் எதைக் கவனித்தார்கள் என்று தேடினால் எனக்கு ஒரு வரியும் அகப்படவில்லை. இன்றைய செவிலியரைப் பற்றி எழுபது ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்கும் அதே நிலைதான் வரும்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கருவிகளைத் தமிழாக்குகிறீர்கள். "தாங்கள் தங்கள் நோய்நிலையைச் செவ்வனே ஏற்றுக்கொள்கின்றீர்களா?" என்ற கேள்வியைக் குளச்சலிலிருந்து வந்த ஒரு மீனவப் பெரியவரிடம் ஒரு மாணவி வாசித்துக் காட்டியபோது அவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், இது பரீச்சயா?" என்றார். வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை சொல்லச் சொன்னால் நம் ஆட்கள் எண் சொல்வதில்லை. உளைச்சல், குத்தல், கடுப்பு, எரிச்சல் என்று வலியின் இயல்பைச் சொல்வார்கள், அல்லது "பரவாயில்ல" என்பார்கள். ஆஸ்பத்திரியில் "பரவாயில்ல" என்றால் வலி எட்டுக்கு மேல் என்று நான் வைத்துக்கொள்வேன். கேட்கிறவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைக்கும் ஆள்தான் அப்படிச் சொல்வார். இது என் ஊகம். சரியா தவறா என்று பார்க்க ஒரு மாணவர், ஒரு பருவம், ஓர் அறுவை வார்டு போதும். விளவங்கோட்டுப் பேச்சும் அகஸ்தீசுவரத்துப் பேச்சும் கடற்கரைப் பேச்சும் வேறு வேறு என்பதால் நான்கு இடங்களில் செய்தால் இன்னும் நல்லது.

பணிவாழ்க்கையைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. என்னோடு படித்தவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள். அன்று வளைகுடா, இன்று பிள்ளைகள் ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதிவிட்டு அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழுக்காக இங்கே வேலை பார்ப்பதும், அது கைக்கு வந்ததும் கிளம்புவதும் வழக்கமாகிவிட்டதால் எங்கள் வார்டுகளில் எப்போதும் பாதிப் பேர் புதியவர்கள். அதைக் குற்றமாக நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். 2015இல் அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட செவிலியர்களின் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்திருந்தது உங்களுக்கு மறந்திருக்காது. தனியாரைப் பற்றி, உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன்பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே படிப்புப் படித்த இருவர் என்ன வாங்குகிறார்கள் என்பதைக் கணக்கெடுக்க ஒரு பேருந்துச் சீட்டுத்தான் செலவு.

திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கி, கேரளத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுத்து வந்தது. யார் போனார், எவ்வளவு அனுப்பினார், ஏன் திரும்பினார் என்று அவர்களிடம் தொடர்ச்சியான பதிவு இருக்கிறது. உங்கள் ஒவ்வொரு கல்லூரியின் அலுவலகத்திலும் இதுவரை படித்து முடித்தவர்களின் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. அவர்கள் இன்று எங்கே, எத்தனை பேர் செவிலியர் வேலையில் இல்லை, திருமணத்துக்குப் பிறகு எத்தனை பேர் நின்றார்கள், வெளிநாட்டில் பத்து ஆண்டு ஐ.சி.யூ. அனுபவத்தோடு திரும்பி வந்தவர்கள் ஏன் இங்கே வேலைக்குச் சேராமல் வீட்டில் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதினால் அதுவே பெரிய ஆய்வு. என் தெருவிலேயே அப்படி இருவர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "ரியாத்துல ரெண்டு பேஷண்ட பாத்துட்டு இங்க வந்து இருபது பேர எப்படிக்கா பாக்க?"

சில சிறிய வேண்டுகோள்களும் உண்டு. உங்கள் ஆய்வுக் குழுக்களில் வார்டில் வேலை பார்க்கும் ஒரு செவிலியரையாவது உறுப்பினராக வையுங்கள். தலைப்பு முடிவாகும் கூட்டத்துக்கு அவரை அழையுங்கள், முடிந்த பிறகு கையெழுத்துக்கு மட்டும் அழைக்காதீர்கள். தரவு எடுத்த வார்டுக்கு முடிவைத் திரும்பக் கொண்டுவந்து சொல்லுங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் என் வார்டுக்கு வந்தவர்களில் அப்படித் திரும்பி வந்து, "சிஸ்டர், இதுதான் கண்டுபிடித்தோம்" என்று சொன்னவர் இரண்டே பேர். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இருக்கட்டும்; அதன் சாரத்தை ஒரே பக்கத்தில், வார்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டக்கூடிய தமிழில் எழுதித் தருவதையும் மாணவரின் கடமையாக்குங்கள். செவிலியரின் பெயரையும் கையெழுத்தையும் கேட்காத படிவத்தில், 'இன்று இரவு எதைச் செய்ய முடியவில்லை' என்று மட்டும் கேளுங்கள். என்னிடம் அன்று யாராவது அப்படிக் கேட்டிருந்தால், ஆறு மணிக்கு அந்த நான்கு சதுரங்களில் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

14ஆம் கட்டில் பெரியவர் ஏழு வாரம் எங்களோடு இருந்தார். புண் ஆற மேலும் நாளானது. மகள் விடுப்பில் வந்தபோது முதல் வேலையாகத் தகப்பனைப் புரட்டிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை; கட்டு மாற்றும் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே கட்டு மாற்றினார். நான் பக்கத்தில் நின்று பிளாஸ்டர் கிழித்துக் கொடுத்தேன்.

அந்த நாள்காட்டித் தாள்கள் பதினேழும் தக்கலையில் என் வீட்டு அலமாரியில், ஒரு பழைய எக்ஸ்ரே உறைக்குள் இருக்கின்றன. அவற்றை ஆய்வுக்குக் கொடுக்கலாமா என்று அந்த அம்மாவிடம் போன மாதம் கேட்டேன், "இதுலயா ஆராய்ச்சி?" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். பெயர் மட்டும் வரக்கூடாது என்றார். உங்கள் மாணவர் யாராவது அவற்றைப் பார்க்க விரும்பினால் அனுப்பி வையுங்கள். ஞாயிறு காலை கோயிலுக்குப் போயிருப்பேன்; மற்ற நாட்களில் நான்கு மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தக்கலை.